உறையில் எழுதிய மூன்று எண்கள்

மந்தைவெளி மார்க்கெட் பக்கம் லாரன்ஸின் பெயர் தெரியாதவர்கள்கூட அவர் கால்களைத் தெரிந்து வைத்திருப்பார்கள். இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே ஒரு தேங்காய் தாராளமாகப் போய்வரும். பள்ளிக்கூடத்தில் ‘கவுட்டி’ என்றார்கள். பார்மசி படிக்கப் போன இடத்தில் படித்தவர்களாயிற்றே, ‘பிராக்கெட்’ என்றார்கள். மனுஷன் இரண்டையும் துடைத்துப் போட்டுவிட்டு முப்பத்தேழு வருஷமாக ஒரே மருந்துக்கடையின் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறார். கவுண்டருக்கு மேலே தெரிகிற பாதி நேராகத்தான் இருக்கும்.

கால் வளைந்த கதையை அவரே சொல்வார். சாந்தோமில் ஜன்னல் இல்லாத ஒற்றை அறை வீடு. அவருக்கு ஆறு மாதம் ஆகும்போது அடுத்த வீட்டுப் பையனுக்குப் போலியோ வந்து கால் சூம்பிப் போயிற்று. லாரன்ஸின் அம்மா கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து மூன்று வயது வரை பிள்ளையை வாசற்படி தாண்ட விடவில்லை. தெருப் பிள்ளைகள் எல்லாம் கடற்கரையில் கருகிக்கொண்டிருக்க, லாரன்ஸ் மட்டும் வெளுத்துப்போய் வளர்ந்தார். போலியோ வரவில்லை. கால் வளைந்தது. மிஷன் ஆஸ்பத்திரியில் மீன் எண்ணெய் கொடுத்தார்கள். எலும்பு கெட்டிப்பட்டது, ஆனால் வளைந்த வாக்கிலேயே கெட்டிப்பட்டது.

எலும்பு வளையும் நோய்க்கு ரிக்கெட்ஸ் என்ற பெயரைப் பாடப்புத்தகத்தில் முதல்முதலாகப் பார்த்தபோது தன் பெயரையே அச்சில் பார்த்த மாதிரி இருந்ததாம். அப்போதிருந்து அந்த நோயின் சரித்திரம் அவருக்கு மனப்பாடம். தலைவலி மாத்திரை வாங்க வந்தவர்களையும் விடமாட்டார். சீமையில் நிலக்கரிப் புகை வானத்தை மூடிய ஊர்களில் பிள்ளைகள் வளைந்து வளைந்து போனார்கள். அழுக்கு என்றும், கெட்ட காற்று என்றும், தாய்ப்பால் சரியில்லை என்றும் டாக்டர்கள் ஆளுக்கொன்று சொல்லிக் காலத்தை ஓட்டினார்கள். கடலோரத்து ஏழைப் பெண்கள் மட்டும் யாரையும் கேட்காமல் மீன் ஈரல் எண்ணெயைப் புகட்டிக்கொண்டிருந்தார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டர், வளைந்துபோன பிள்ளையின் ஒரு கையில் மட்டும் வெயில் மாதிரியான விளக்கு வெளிச்சம் காட்டினார். வெளிச்சம் படாத இன்னொரு கையின் எலும்பும் சேர்ந்து தேறியது. இந்த இடத்தில் லாரன்ஸ் தன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டுவார். மாத்திரை வாங்க வந்தவர் மணி பார்ப்பார்.

அந்தச் சரித்திரத்தில் ஓர் அத்தியாயத்தை மட்டும் அவர் யாருக்கும் சொன்னதில்லை. வெயிலும் மீன் எண்ணெயும் தருவது வைட்டமின் டி என்று கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் பால் பவுடரிலும் குழந்தை மாவிலும் அதை அள்ளி அள்ளிக் கலந்தார்கள். கொஞ்ச வருஷத்தில் வேறு விதமான பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பித்தார்கள். வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல், எழுப்ப முடியாத தூக்கம். எலும்பில் போய்ச் சேரவேண்டிய சுண்ணாம்பு ரத்தத்தில் ஏறி, சிறுநீரகத்தில் படிந்திருந்தது. சில பிள்ளைகள் பிழைக்கவில்லை. நல்ல கதையில் இது எதற்கு என்று லாரன்ஸ் அதை விட்டுவிடுவார்.

கடைக்கு எதிர் பிளாட்பாரத்தில் நிஷா மீன் விற்கிறாள். ஊரூர் ஒல்காட் குப்பத்துப் பெண். படகு கரையேறியதும் கூடையோடு ஆட்டோ பிடித்து, எட்டு மணிக்கெல்லாம் மந்தைவெளியில் கடை விரித்துவிடுவாள். புருஷன் வேலு காசிமேட்டில் விசைப்படகில் போகிறவன். போனால் கரை திரும்பப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். மூத்த பையனை மூன்று வருஷத்துக்கு முன்னால் அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்கப்புறம் பிறந்தவள் அன்புக்கரசி. நிஷா தினமும் அவளைப் பக்கத்து வீட்டுத் தாயம்மாவிடம் ஒப்படைக்கும்போது, கதவைத் திறக்கக் கூடாது, மணலில் இறக்கக் கூடாது, கடல் பக்கமே காட்டக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கூடையைத் தூக்குவாள். வாசலுக்கு வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே ட்யூப் லைட் வெளிச்சத்தில் பிள்ளை உட்கார்ந்திருக்கும்.

ஒருநாள் தாயம்மா ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டதால் நிஷா குழந்தையை மந்தைவெளிக்கே தூக்கி வந்திருந்தாள். சங்கரா மீன் வாங்கலாம் என்று ரோட்டைத் தாண்டிப் போன லாரன்ஸ், கோணிமேல் உட்கார்ந்திருந்த அன்புவைப் பார்த்தார். இரண்டு வயது. மணிக்கட்டு இரண்டும் தோலுக்குள் வளையல் போட்டமாதிரி தடித்திருந்தன. தூக்கி நிறுத்தினால் கால் வெளிப்பக்கம் வளைந்து, அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டாள். அவருக்கு மீன் மறந்துவிட்டது.

“நிஷா, இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போ.”

“இன்னாண்ணா? நட வர்றதுக்கு லேட்டாவுதுன்னு சொன்னாங்க...”

“யாரு சொன்னா? என் காலப் பாரு. இதான் அது. எனக்கு லேட்டாத்தான் பாத்தாங்க. இவளுக்கு இன்னும் டைம் இருக்கு.”

அவள் அவர் கால்களை முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள். அப்புறம் மீனை அப்படியே பக்கத்துக்காரியிடம் விட்டுவிட்டுக் குழந்தையோடு ஓடினாள். சாயங்காலம் டாக்டர் சீட்டோடு கடைக்கு வந்து நின்றாள். தினமும் ஒரு ஸ்பூன் கால்சியம் சிரப். பாலில் கலந்து கொடுக்க வைட்டமின் டி பாக்கெட் எட்டு, வாரத்துக்கு ஒன்று.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர் மருந்துக்கடைகளில் மருந்தைச் சின்னக் காகித உறையில் போட்டு, மேலே பேனாவால் மூன்று எண் எழுதிக் கொடுப்பார்கள். காலை, மத்தியானம், ராத்திரி. 1-0-1 என்றால் காலையிலும் ராத்திரியிலும். 1-0-0 என்றால் காலையில் மட்டும். பள்ளிக்கூடம் பக்கம் போகாதவர்களுக்கும் அது புரியும். டாக்டர் சீட்டு எங்கேயாவது தொலைந்து போகும், உறை தொலையாது. மருந்து தீர்ந்ததும் காலி உறையை நீட்டி, “இதே குடுங்க” என்றால் வேலை முடிந்தது. ஆனால் வாரத்துக்கு ஒன்று என்று சொல்ல அந்த மூன்று எண்ணில் இடம் கிடையாது. அதை எழுத்தில்தான் எழுத வேண்டும். லாரன்ஸ் எப்போதும் எழுதுவார், வாயாலும் சொல்வார். அன்றைக்குக் கடையில் ஒரே கூட்டம். ஒரு கை சிரப்பை எடுத்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கை முப்பத்தேழு வருஷப் பழக்கத்தில் பாக்கெட் உறைமேல் 1-0-0 என்று போட்டுவிட்டது. அடுத்த ஆள் இருமிக்கொண்டே சீட்டை நீட்டினான்.

நிஷா உறையை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

அதற்கப்புறமும் அவள் தினம் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் லாரன்ஸ் கேட்கக்கூடச் செய்தார்.

“மருந்து ஒழுங்கா குடுக்கிறியாம்மா?”

“குடுத்துக்கினுதாண்ணா கீறேன். ஒரு நாளு கூட உட்டதில்ல.”

“அதான் வேணும்.”

ஒரு நாள் கூட என்று அவள் சொன்னது காதில் தெளிவாகத்தான் விழுந்தது. கால்சியம் சிரப்பைச் சொல்கிறாள் என்றுகூட அவர் நினைக்கவில்லை, எதையுமே நினைக்கவில்லை. நல்ல பெண், சொன்னதைக் கேட்கிறாள் என்ற சந்தோஷத்தில் ரோட்டைத் தாண்டித் திரும்பி வந்துவிட்டார்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமையிலிருந்து எதிர் பிளாட்பாரத்தில் நிஷாவின் இடம் காலியாகக் கிடந்தது. படகு போயிருக்காது என்று லாரன்ஸ் நினைத்துக்கொண்டார். வியாழக்கிழமை காலை, கடையில் ஆறு மாதமாக வேலை பார்க்கும் நீரஜா அலமாரியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“சார், அந்த வைட்டமின் டி பாக்கெட் காலி. ஆர்டர் போடணும். மீன்கார அக்காவே மூணு தடவை எட்டு எட்டா வாங்கிட்டாங்க.”

லாரன்ஸ் கையிலிருந்த இருமல் மருந்தை மெதுவாகக் கீழே வைத்தார்.

“எத்தனை தடவை?”

“மூணு சார். நீங்க மொதல்ல குடுத்தது. அப்புறம் நீங்க சாப்பிடப் போயிருந்தப்ப ரெண்டு தடவை நான் குடுத்தேன்.”

“எந்தச் சீட்டைப் பார்த்துக் குடுத்தே?”

“சீட்டு இல்லை சார், கவர் கொண்டுவந்தாங்க. உங்க கையெழுத்துதான். ஒண்ணு, ஜீரோ, ஜீரோ.”

லாரன்ஸ் மனதில் கணக்குப் போட்டார். எட்டு வாரத்துக்கான மருந்து எட்டு நாளில் தீர்ந்திருக்கிறது. மறுபடி எட்டு. மறுபடியும். அந்தப் பாக்கெட் ஒவ்வொன்றும் அறுபதாயிரம் யூனிட் என்பது அவருக்குத் தெரியும். இரண்டு வயதுக் குழந்தையின் சிறுநீரகம் எவ்வளவு பெரிது என்பதும் தெரியும். தெரிந்ததுதான் அப்போது அவரை வதைத்தது. நீரஜா “சார், சார்” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவர் கவுண்டர் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, போய்க்கொண்டிருந்த ஆட்டோவின் குறுக்கே நின்றார். டிரைவர் அவரை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டிவிட்டு ஏற்றிக்கொண்டான்.

அடையாறு பாலம் வரை நிஷாவின் நம்பருக்குப் போட்டுக்கொண்டே வந்தார். ஸ்விட்ச் ஆஃப். அவர் யாருக்கும் சொல்லாத அந்த அத்தியாயம் ஒவ்வொரு வரியாக மனதில் ஓடியது. வாந்தி. தாகம். மலச்சிக்கல். எழுப்ப முடியாத தூக்கம். அதற்கு அடுத்த வரிக்குப் போகாமல் இருக்க, எதிரே வருகிற பஸ்களின் நம்பரைப் படித்துப் பார்த்தார். ஒன்றும் உதவவில்லை. வாழ்க்கையில் இதற்கு முன்னால் அவர் பயந்தது எல்லாம் பயமே இல்லை என்று தோன்றியது.

குப்பத்தில் ஆட்டோ நுழையாத சந்தில் இறங்கி, வலைகளையும் நண்டுக் கூடைகளையும் தாண்டி, அந்தக் கால்களால் எவ்வளவு வேகமாக ஓட முடியுமோ அவ்வளவு ஓடினார். நிஷாவின் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வாசலில் தாயம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

“கொயந்த எங்கம்மா?”

“நீ யாருண்ணா? மெடிக்கல்காரரா? காத்தால நிஷா தூக்கினு பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டாண்ணா. நாலு நாளா தண்ணி தண்ணின்னு கேட்டுக்கினே இருந்துச்சி. குடிச்சதெல்லாம் வாந்தி. வெளிக்கே போவல. சூடுன்னு நெனச்சோம். நேத்துலேர்ந்து கண்ணத் தொறக்க மாட்டேங்குது.”

“அவ குடுத்த மருந்து எங்க இருக்கு? எனக்கு அது வேணும். ஆஸ்பத்திரில காட்டணும்.”

தாயம்மா மாற்றுச் சாவியால் கதவைத் திறந்தாள். ஒற்றை அறை, ஜன்னல் சாத்தியிருந்தது. சுவரில் மூத்த பையனின் போட்டோ. அதன் பின்னால் பத்திரமாகச் செருகியிருந்த காகித உறையைத் தாயம்மா எடுத்துக் கொடுத்தாள். உள்ளே மூன்று பாக்கெட் மீதி. போட்டோவுக்குக் கீழே சுவரில் கரியால் கோடு கோடாகப் போட்டிருந்தது. அவர் எண்ணினார். இருபத்தொன்று. மருந்து கொடுத்ததும் ஒரு கோடு போட்டுவிடுவாளாம், மறந்துபோய்விடக் கூடாதே என்று. எல்லாக் கோடும் ஒரே உயரத்தில், ஒழுங்காக இருந்தன.

உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுபடி ஆட்டோவில் ஏறினார். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. வந்தது என்பதை மறைக்க நான் யார், அவரே பின்னால் என்னிடம் சொன்னதுதான். டாக்டரிடம் தினம் ஒன்று கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னால் போதும். வைத்தியத்துக்கு அவ்வளவு தெரிந்தால் போதும். யார் எழுதினார்கள் என்பது ரத்தத்துக்குத் தேவையில்லை. சீட்டில் வாரத்துக்கு ஒன்று என்றுதான் இருக்கிறது. ஒரு பக்கம் படிக்காத மீன்காரி, இன்னொரு பக்கம் லைசென்ஸ் வைத்த பார்மசிஸ்ட். யாரும் இரண்டாம் தடவை கேட்க மாட்டார்கள். உறை எவ்வளவு சின்னது, கைக்குள் கசக்கி ஆட்டோவிலிருந்து விட்டால் பாலத்துக்குக் கீழே போய்விடும். பாலம் வந்தது. பையைக் கையால் பொத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். பாலம் போயிற்று.

வார்டில் அன்புக்கரசி வாடிய கீரை மாதிரி கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. கையில் ட்ரிப் ஊசி. நிஷா தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள். லாரன்ஸைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. அதைப் பார்க்க அவரால் முடியவில்லை.

“அண்ணா வந்துட்டீங்களா! நீங்க சொல்லுங்கண்ணா இவங்ககிட்ட. மருந்தெல்லாம் நான் கரெக்டா குடுத்தேன்னு சொல்லுங்க.”

டியூட்டி டாக்டர் சரண்யா என்ற இளம் பெண். வாந்தி, வயிற்றுத் தொற்று என்று எடுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். லாரன்ஸ் நேராக அவளிடம் போனார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

“டாக்டர், ரத்தத்துல கால்சியம் பாருங்க. உடனே பாருங்க. இந்தக் குழந்தைக்கு வைட்டமின் டி அறுபதாயிரம், தினம் ஒண்ணு, இருபத்தொரு நாள் போயிருக்கு.”

டாக்டர் குழந்தையின் கண்ணிமையைத் திறந்து பார்த்தாள். அப்புறம் நர்ஸைக் கூப்பிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னாள், கால்சியம் சிரப்பை நிறுத்தச் சொன்னாள், பால் கூடாது என்றாள், ட்ரிப்பை வேகப்படுத்தினாள். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, நிஷா கொண்டுவந்திருந்த பழைய சீட்டைப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினாள். பயம் கோபமாகிவிட்டிருந்தது.

“ஏம்மா, சீட்டுல வாரத்துக்கு ஒண்ணுன்னு எழுதியிருக்கு. படிக்கத் தெரியலைன்னா யாரையாவது கேட்கக் கூடாதா? குழந்தையோட உயிர் இது, விளையாட்டா?”

நிஷாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் லாரன்ஸைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரர்களும் பார்த்தார்கள். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றிருந்தால் அந்தப் பழி அங்கேயே, அவள் தலைமேலேயே தங்கிப்போயிருக்கும்.

சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்து டாக்டரிடம் நீட்டினார்.

“அவங்க கேட்டாங்க டாக்டர். என்னைத்தான் கேட்டாங்க. இது என் கையெழுத்து. நான் எழுதினதைத்தான் அவங்க குடுத்திருக்காங்க.”

டாக்டர் உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவர் பெயரையும் கடைப் பெயரையும் எழுதிக்கொண்டாள். திட்டுவாள் என்று நினைத்தார். அவள் திட்டாமல் “நடந்ததை எழுதித் தரணும், இருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனது இன்னும் பயமாக இருந்தது.

நிஷா மெதுவாகக் கேட்டாள். “இன்னாண்ணா ஆச்சி?”

அவர் சொன்னார். எதையும் மறைக்காமல், அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். வாரத்துக்கு ஒன்று கொடுத்திருந்தால் மருந்து, தினம் கொடுத்ததால் விஷம், தினம் என்று எழுதியது நான். அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப நான் மறந்து போயிருந்தா நல்லா இருந்திருக்குமாண்ணா? மறக்கக் கூடாதுன்னு செவுத்துல கோடு போட்டேனே. அதான் தப்பாப் பூடுச்சா?”

டாக்டர் கேட்டதை எழுதித் தர லாரன்ஸ் பேனாவை எடுத்தார். 

ரிப்போர்ட் வந்தது. ஒன்பது பத்து இருக்க வேண்டிய கால்சியம் பதினாறு. இனி ஒவ்வொரு நாளும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், இதயம் தாங்க வேண்டும், சிறுநீரகம் தாங்க வேண்டும் என்றார்கள். வெயிலே காட்டாதீர்கள் என்றும் சொன்னார்கள். வாழ்நாள் முழுக்க வெயிலுக்கு வக்காலத்து வாங்கியவர் அதைக் கேட்டுக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் பதினைந்தே கால். மூன்றாம் நாள் இறங்கவே இல்லை. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை, ஜெபம்கூட வரவில்லை, ‘ஆண்டவரே’ என்று ஆரம்பித்தால் அந்த மூன்று எண்கள் கண் முன்னே வந்து நின்றன. வேலு கரை திரும்பி நேராக வார்டுக்கு வந்தான். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் யார் என்று தெரிந்ததும் சட்டையைப் பிடித்துத் தூக்கினான். நிஷா வந்து கையை எடுத்துவிட்டாள். “உடு. கொயந்த முழிக்கட்டும்” என்றாள். மன்னிப்பு மாதிரி இல்லை. இப்போதைக்கு அதற்கு நேரமில்லை, அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் பதிமூன்று. ஏழாம் நாள் பதினொன்று. அன்று மத்தியானம் அன்புக்கரசி கண்ணைத் திறந்து, ஊசி குத்தவந்த நர்ஸைப் பார்த்து அலறினாள். வார்டே திரும்பிப் பார்த்தது. வெளியே பெஞ்சில் இருந்த லாரன்ஸ் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

கடை முதலாளி கல்யாணராமன் நல்ல மனிதர்தான். ஆனால் விசாரணை என்று வந்ததும், கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள் என்றார். லாரன்ஸ் எழுதித் தந்ததில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. மூன்று மாதம் கவுண்டருக்குப் பின்னால் அவர் நிற்கவில்லை. வீட்டில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் இந்தக் கதையை முழுக்கச் சொன்னார், அந்த விட்டுப்போன அத்தியாயத்தோடு. அன்புவின் எலும்பு எக்ஸ்ரேயில் நன்றாகவே தேறியிருந்தது. கால் தானே நிமிர்ந்துவிடும் என்று டாக்டர் சொன்னாள். சிறுநீரகத்தை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்க்க வேண்டும். எத்தனை வருஷம் என்று நிஷா கேட்டதற்கு, பார்க்கலாம் என்றாள் டாக்டர்.

அவர் திரும்பக் கடைக்கு வந்த இரண்டாம் வாரம், நிஷா ரோட்டைத் தாண்டி வந்து நின்றாள். இடுப்பில் அன்பு. கையில் டாக்டர் சீட்டு. சாதாரண ஜுரம், ஒரு சிரப்.

லாரன்ஸ் சீட்டை இரண்டு தடவை படித்தார். சிரப் டப்பாமேல் எண் எதுவும் போடவில்லை. காலையில் அரை ஸ்பூன், ராத்திரி அரை ஸ்பூன், மூன்று நாள் மட்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி, அவளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார். அவள் அவரையே திருப்பிச் சொல்லச் சொன்னாள். சொன்னார். “இன்னொரு தபா” என்றாள். சொன்னார்.

காசைக் கொடுத்துவிட்டு அவள் தன் இடத்துக்குப் போகவில்லை. நாலு கடை தள்ளி எதிர்வரிசையில் இன்னொரு மருந்துக்கடை இருக்கிறது. குழந்தையை இடுப்பில் நகர்த்தி வைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி அங்கே போனாள். சீட்டையும் டப்பாவையும் அந்தக் கவுண்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

அந்தக் கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டைப் படித்தார். அப்புறம் டப்பாவைத் தூக்கி, எழுதியிருந்ததைப் படித்தார். மறுபடியும் சீட்டைப் பார்த்தார். பின்னால் இரண்டு பேர் அவசரமாக நின்றுகொண்டிருந்தார்கள், நிஷா நகரவில்லை.

இங்கே லாரன்ஸ் கவுண்டர் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நீரஜா ஏதோ கேட்டாள், காதில் ஏறவில்லை. அந்த மனிதர் சரி என்று தலையாட்டும் வரை அவர் மூச்சு விடவில்லை.